யூக்ளிட் நூலும் ஓர் அடிமைப்பெண்ணும்: ‘தென்மாகு நோ ஜாதூகர்’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஜப்பானிய மங்காவை (சித்திரக்கதையை) யாருக்காவது படிக்கக் கொடுத்தால், புத்தகம் திரும்பி வரும்போது கூடவே ஒரு கட்டுக் கேள்விகளும் வருகின்றன. ஜப்பான்காரர் எழுதிய கதையில் ஈரானிய முஸ்லிம் வீடு எப்படி வந்தது, அந்தக் காலத்தில் அடிமைப்பெண் படித்திருப்பாளா, கணக்குப் புத்தகத்துக்காக ஒரு படையே வருமா என்று. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இது என்ன கதை?

‘தொமாட்டோ சூப்’ என்ற புனைபெயரில் எழுதி வரையும் ஓவியரின் வரலாற்று மங்கா. அகிதா ஷோதென் பதிப்பகத்தின் இணைய இதழில் 2021 முதல் தொடராக வருகிறது. ஜப்பானில் ஆண்டுதோறும் வெளியாகும் ‘கோனோ மங்கா கா சுகோய்’ தரவரிசையில், 2023க்கான பட்டியலில், பெண் வாசகர் பிரிவில் முதலிடம் பெற்றது.

கதை 13ஆம் நூற்றாண்டில், ஈரானின் கிழக்கே குராசான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் தொடங்குகிறது. தாயை இழந்த சிதாரா என்ற அடிமைச் சிறுமி ஓர் அறிஞர் குடும்பத்துக்கு வந்து சேர்கிறாள். அந்த வீட்டு எஜமானியின் பெயர் ஃபாத்திமா. அவர் மகன் முஹம்மதுக்குப் படிப்பென்றால் உயிர். இவர்கள் நிழலில் சிதாரா எழுத்தும் கணக்கும் வானியலும் கற்று வளர்கிறாள். பிறகு மங்கோலியப் படை வருகிறது. எஜமானி கொல்லப்படுகிறார், சிதாரா கைதியாகிறாள். வீட்டில் பொக்கிஷம் போல வைத்திருந்த, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலும் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. தன்னை வளர்த்தவரின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டு, ஃபாத்திமா என்றே அவள் மங்கோலியக் கூடாரங்களுக்குள் நுழைகிறாள். மனம் முழுக்கப் பழிவாங்கும் எண்ணம். கையில் இருக்கும் ஒரே ஆயுதம் படித்த படிப்பு.

தலைப்புக்கு என்ன பொருள்?

‘தென்மாகு’ ஜப்பானியச் சொல், கூடாரம் என்று பொருள். ‘ஜாதூகர்’ பாரசீகச் சொல், மாயவித்தை செய்பவர், சூனியக்காரர் என்று பொருள். இந்திக்கும் போன சொல் இது என்பதால் நம்மில் பலருக்குக் காதில் விழுந்திருக்கும். ஆக, ‘கூடாரத்துச் சூனியக்காரி’.

ஃபாத்திமா உண்மையில் வாழ்ந்தவரா?

ஆம். மங்கோலியரிடம் அதிகாரியாகப் பணியாற்றிய பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, தம் ‘உலகை வென்றவனின் வரலாறு’ நூலில் ஃபாத்திமா காத்தூன் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். இமாம் அலீ ரிளாவின் அடக்கத்தலம் இருக்கும் இடம் (இன்றைய மஷ்ஹத்) படையெடுப்பில் வீழ்ந்தபோது சிறைபிடிக்கப்பட்டு, மங்கோலியத் தலைநகர் காரகோரத்துக்கு வந்தவர் அவர். சந்தையில் தரகுத் தொழில் செய்தார். பேரரசர் ஓகதேயின் மனைவி தொரகேனேயின் கூடாரத்துக்குப் போய்வரத் தொடங்கி, மெல்ல மெல்ல அவருடைய அந்தரங்கத் தோழியானார்.

1241 இறுதியில் ஓகதேய் இறந்தார். 1246இல் மகன் குயுக் அரியணை ஏறும்வரை ஆட்சியை நடத்தியவர் தொரகேனே. அன்றைய உலகின் மிகப் பெரிய பேரரசு ஒரு பெண்ணின் கையில் இருக்க, அவர் காதில் ஆலோசனை சொன்னவர் குராசானிலிருந்து கைதியாக வந்த இன்னொரு பெண். செல்வாக்குள்ள பழைய அமைச்சர்களான சின்கையும் மஹ்மூத் யலவாச்சும் உயிருக்குப் பயந்து ஓடும் அளவுக்கு நிலைமை மாறியது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஓகதேயின் குடும்பத்திடமிருந்து ஆட்சியைக் கைப்பற்றிய, அவர் தம்பி தொலுயின் குடும்பத்தின் காலத்தில்தான் ஜுவைனி எழுதினார். ஆகவே தொரகேனேயையும் ஃபாத்திமாவையும் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்ல வாய்ப்பு குறைவு. தந்திரக்காரி, அளவுக்கு மீறி உயர்ந்தவள் என்ற தொனிதான் இருக்கிறது. இந்த மங்கா அந்தப் பக்கங்களை மறுபுறத்திலிருந்து படித்துப் பார்க்கிறது. அந்தப் பெண் யார், என்ன இழந்திருப்பார், என்ன தெரிந்திருப்பார் என்று கேட்கிறது. வரலாற்றுப் புனைவு செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். சிறுவயது, அறிஞர் வீடு, சிதாரா என்ற பெயர் எல்லாம் கற்பனை. அந்தக் கற்பனை வந்து நிற்கும் இடம் வரலாறு.

ஏன் தூஸ் நகரம்?

வேறெந்த ஊரை எடுத்திருந்தாலும் கதைக்குப் பாதி பலம்தான் கிடைத்திருக்கும். ‘ஷாநாமா’ என்ற பாரசீகக் காவியம் பாடிய ஃபிர்தவ்ஸி தூஸ்காரர். நிஜாமிய்யா மதரஸாக்களை (இஸ்லாமியக் கல்விக்கூடங்களை) ஊர் ஊராக நிறுவிய அமைச்சர் நிஜாமுல் முல்க் 1018இல் அங்கே பிறந்தவர். தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் பெயர் தெரிந்த இறையியல் அறிஞர் இமாம் கஸ்ஸாலி 1058இல் பிறந்ததும் 1111இல் மறைந்ததும் அங்கேதான். பக்கத்து நிஷாப்பூர் உமர் கய்யாமின் ஊர். நமக்கு அவரைக் கவிஞராகத்தான் தெரியும். அவர் யூக்ளிடில் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆராய்ந்து 1077இல் தனி நூலே எழுதிய கணித மேதை.

இப்போது மங்காவில் வரும் பையன் முஹம்மதை நினைத்துப் பாருங்கள். படிப்புக்காக அவன் நிஷாப்பூர் போகிறான். 1201இல் தூஸில் பிறந்து, நிஷாப்பூரில் படித்து, பின்னாளில் ஈரானின் மராகா நகரில் வானாய்வகத்தை அமைத்த அறிஞர் நசீருத்தீன் தூசியின் இயற்பெயரும் முஹம்மதுதான். அவர் 1248இல் யூக்ளிடின் நூலைத் திருத்தமாக எழுதித் தந்த பதிப்பைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயங்களைத் திரும்பப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

1221இல் தொலுயின் படை குராசானைச் சூறையாடியது. நிஷாப்பூர் தரைமட்டமானது. தூஸ் பிற்பாடு மீண்டாலும் நிலைக்கவில்லை. இன்று அது மஷ்ஹத் அருகே ஃபிர்தவ்ஸியின் நினைவிடமும் இடிபாடுகளுமாக இருக்கிறது.

அடிமைப்பெண்ணுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பார்களா? நம்பும்படி இல்லையே?

நம்பலாம். தன்னிடமுள்ள அடிமைப்பெண்ணுக்கு நல்லொழுக்கமும் நல்ல கல்வியும் கற்பித்து, விடுதலை செய்து, மணந்துகொள்பவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற ஹதீஸ் (நபிமொழி) இமாம் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. பக்தாதிலிருந்து ஆண்ட அப்பாசிய கலீஃபாக்கள் காலத்து அரண்மனைகளில் கவிதையும் இசையும் கற்ற அடிமைப்பெண்கள் பலர் பெயரோடு அறியப்பட்டிருக்கிறார்கள். படித்த அடிமைக்கு விலை அதிகம் என்பதும் உண்மை. அந்தக் கசப்பைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடிமை முறையை மங்கா அழகுபடுத்தவில்லை. எஜமானி அன்பானவர், ஆனால் அந்தச் சிறுமி விற்று வாங்கப்பட்டவள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்த நேர்மை.

பெண் படிப்பதும் கற்பனையல்ல. 11ஆம் நூற்றாண்டில் மெர்வைச் சேர்ந்த கரீமா, மக்காவில் புகாரி தொகுப்பைக் கற்பித்த புகழ்பெற்ற ஆசிரியை. 12ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஷுஹ்தா ஹதீஸ் பாடம் நடத்தினார். அழகிய கையெழுத்துக்காக ‘எழுத்தாளினி’ என்றே அவருக்குப் பட்டம். ஆண்கள் அவர்களிடம் பாடம் கேட்டு, கற்பிக்கும் அனுமதி வாங்கிச் சென்றார்கள். பெரும்பாலும் இந்தக் கல்வி வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் நடந்தது, மதரஸாப் பதவிகள் ஆண்களுக்கே. அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளியைக் காட்டிய ஓவியரின் தேர்வு சரியானது.

கல்வியைப் பற்றிய கதையின் பார்வை இஸ்லாமிய மரபோடு ஒத்துப்போகிறதா?

பெருமளவு ஒத்துப்போகிறது. குர்ஆனில் முதலில் அருளப்பட்ட சொல் ‘இக்ரஃ’, ஓதுவீராக என்று தமிழில் சொல்கிறோம். ‘ரப்பி ஸித்னீ இல்மா’ – இறைவா, எனக்குக் கல்வியை அதிகமாக்கு – என்ற வேண்டுதல் குர்ஆனின் 20ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மதரஸாப் பிள்ளைகள் இன்றும் சொல்லும் துஆ அது. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற ஹதீஸ் இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ளது. ‘சீனா சென்றாயினும் சீர்கல்வி தேடு’ என்று தமிழில் மேடைதோறும் கேட்கும் வாக்கியத்தை மட்டும் ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானது, ஆதாரமற்றது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே அதை எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டாம்.

ஒரு வேறுபாடு உண்டு. மரபில் இல்மு (கல்வி, அறிவு) என்பது முதலில் இறைவனை அறிவதற்கான வழி. மங்காவில் கல்வி முதலில் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. இக்கட்டில் என்ன செய்வதென்று தெரிந்துகொள்ள அறிவு வேண்டும் என்ற ஒரு காரணம்தான் அந்தச் சிறுமியைப் படிப்பின் பக்கம் திருப்புகிறது. தொழுகையும் இறைநம்பிக்கையும் அந்த வீட்டின் காற்றிலேயே இருக்கின்றன, ஆனால் கதை அவற்றை விவாதிப்பதில்லை. சில முஸ்லிம் நண்பர்களுக்கு இது குறையாகத் தெரிந்தது. ஓர் அநாதைச் சிறுமியின் கண்ணிலிருந்து சொல்லும் கதைக்கு இந்த வரிசை இயல்பானது என்று எனக்குப் படுகிறது.

கிரேக்கர் எழுதிய புத்தகம் முஸ்லிம் வீட்டில் எப்படிப் பொக்கிஷமானது?

யூக்ளிட் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன் எழுதிய நூல் 13 பாகம். கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் ஹஜ்ஜாஜ் இப்னு மத்தர் அதை அரபியாக்கினார், மஃமூன் காலத்தில் அவரே மீண்டும் ஒருமுறை செய்தார். அது போதவில்லை என்று 9ஆம் நூற்றாண்டிலேயே இஸ்ஹாக் இப்னு ஹுனைன் புதிதாக மொழிபெயர்க்க, சாபித் இப்னு குர்ரா அதைச் சீர்செய்தார். இஸ்ஹாக் நெஸ்தோரியக் கிறிஸ்தவக் (கிழக்கத்தியக் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தவர், சாபித் ஹர்ரான் நகரின் சாபியர், அதாவது விண்மீன் வழிபாட்டு மரபினர். ஒரே நூலுக்கு ஏறத்தாழ நூறு வருடத்துக்குள் மூன்று தடவை உழைத்திருக்கிறார்கள் என்றால் என்ன தாகம் இருந்திருக்க வேண்டும்!

ஐரோப்பாவுக்கு இந்த நூல் போனதும் பெரும்பாலும் இந்த அரபி வழியாகத்தான். இங்கிலாந்தின் பாத் நகர அறிஞர் அடெலார்ட் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனாக்கினார்.

வானியல் கணக்கிட, தொழும் திசை காண, நேரம் குறிக்க, நிலம் அளக்க எல்லாவற்றுக்கும் வடிவியல் வேண்டும். அப்புறம் இன்னொரு காரணம்: இதில் ஒவ்வொரு கூற்றையும் நிரூபித்துத்தான் அடுத்ததற்குப் போக முடியும். யார் சொன்னார் என்பது அங்கே எடுபடாது. அடிமை போட்ட நிரூபணமும் எஜமான் போட்ட நிரூபணமும் ஒன்றே. எந்த நூலை வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய ஓவியர் இதை எடுத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தகம் பறிபோனால் கல்வியும் போய்விடுமா?

கஸ்ஸாலியைப் பற்றி ஒரு பழைய சம்பவம் சொல்வார்கள். இளைஞராக ஜுர்ஜானில் படித்துவிட்டுத் தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் மடக்கினார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், என் பாடக் குறிப்புகளை மட்டும் தாருங்கள், என் கல்வி அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார். கொள்ளையர் தலைவன் சிரித்தான். தாளைப் பிடுங்கினால் போய்விடும் என்றால் நீ என்ன கற்றாய் என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். ஊர் திரும்பிய கஸ்ஸாலி மூன்று வருடம் உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் மனப்பாடம் செய்தார்.

அதே ஊர், அதே போன்ற கொள்ளை. சிதாராவிடமிருந்து நூல் போகிறது. அதைப் படித்த தலை போகவில்லை. மங்கா இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்வதாக நான் பார்க்கவில்லை. ஆனால் தூஸில் வளர்ந்த பிள்ளையின் கதை என்றால் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருக்காது.

குதிரை மேல் வாழ்ந்த மங்கோலியருக்கு வடிவியல் நூல் எதற்கு? இது சுத்தக் கற்பனைதானே?

மங்காவில் அந்த நூலைத் தொலுய் தன் மனைவி சொர்காக்தானிக்காக எடுத்துப் போகிறான். குறிப்பிட்ட அந்தச் சம்பவம் கற்பனை. ஆனால் அந்தக் குடும்பத்தையும் யூக்ளிடையும் இணைத்தது வரலாறுதான், இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆசைப்பட்டேன்.

சொர்காக்தானி நெஸ்தோரியக் கிறிஸ்தவர். புகாராவில் ஒரு மதரஸா கட்ட ஆயிரம் பாலிஷ் (கட்டி) வெள்ளி கொடுத்தார் என்று ஜுவைனி பதிவு செய்கிறார். அவருடைய மூத்த மகன் மோங்கே யூக்ளிடின் சில கணக்குகளைத் தானே தீர்த்தவர் என்றும், நசீருத்தீன் தூசியைத் தன்னிடம் அனுப்பும்படி தம்பி ஹுலாகுவிடம் கேட்டவர் என்றும் இன்னொரு பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதுகிறார். 1258இல் பக்தாதை அழித்த அதே ஹுலாகுதான் 1259இல் தூசிக்கு மராகாவில் வானாய்வகம் கட்டக் கொடுத்தார். அழித்த கையும் கட்டிய கையும் ஒன்று. இந்த முரணை எளிதாக விழுங்க முடியாது, மங்காவும் விழுங்கவில்லை.

இன்னொரு மகன் குப்லாய். 1267இல் ஜமாலுத்தீன் என்ற முஸ்லிம் வானியலாளர் ஏழு வானியல் கருவிகளை அவருக்கு அளித்தார். முஸ்லிம் வானியலாளர்களுக்கென்றே தனி ஆய்வகமும் சீனாவில் அமைந்தது. அங்கிருந்த நூல்களின் பட்டியல் சீன எழுத்தில் கிடைத்திருக்கிறது. அதில் ‘வூஹுலியேதி’ என்ற பெயரில் 15 பாகம் கொண்ட ஒரு நூல். அது யூக்ளிடேதான்! மூலம் 13 பாகம், அரபு மரபு பிற்சேர்க்கை இரண்டைக் கூட்டி 15 ஆக்கியது. ஆகவே முஸ்லிம் நாடுகள் வழியாக வந்த பிரதி என்று எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கிறது.

ஜப்பானியருக்கு இதில் என்ன அக்கறை?

முதல் பதில் எளிது. 1274இலும் 1281இலும் ஜப்பான் மீது கப்பற்படை அனுப்பியவர் சொர்காக்தானியின் அந்த மகன் குப்லாய். மங்கோலியர் வரலாறு ஜப்பானுக்கு அந்நியக் கதையல்ல. பாரசீக மூலங்களை நேரடியாகப் படித்து மங்கோலியப் பேரரசை ஆராயும் வலுவான மரபு ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் உண்டு. குர்ஆன் முழுதாக 1920இல் ஜப்பானிய மொழிக்கு வந்தது. இஸுத்சு தொஷிஹிகோ 1957–58இல் அரபி மூலத்திலிருந்தே மொழிபெயர்த்தார். இந்தத் தளம் இல்லாமல் இப்படியொரு மங்கா வராது.

இரண்டாவது பதில் என் ஊகம். பிறமொழி நூலைப் பெயர்த்துப் பெயர்த்து வளர்ந்த நாடு ஜப்பான். சுகிதா கென்பாகுவும் மாயெனோ ரியோதாகுவும் நண்பர்களும், சரியான அகராதி கூட இல்லாமல், ஒரு டச்சு உடற்கூறு நூலோடு மல்லாடி 1774இல் அதை வெளியிட்டார்கள். சீனாவில் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி சீனத்தில் எழுதிய நூல்களின் இறக்குமதி 1630இல் ஜப்பானில் தடை செய்யப்பட்டு, 1720இல் ஷோகன் (இராணுவ ஆட்சியாளர்) யொஷிமுனே தளர்த்தும்வரை அந்தத் தடை நீடித்தது. ஒரு நூலுக்காகக் காத்திருந்த அனுபவம் அவர்கள் நினைவில் இருக்கிறது. அதனால்தான் தூஸ் வீட்டின் அந்த ஒற்றைப் பிரதி எவ்வளவு கனமானது என்று ஒரு ஜப்பானிய ஓவியருக்குப் புரிந்திருக்கிறது.

இதே போல வேறு மங்கா?

மோரி காஓரு 2008 முதல் எழுதிவரும் ‘ஓத்தோயோமேகதாரி’யைத் தயங்காமல் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டு மத்திய ஆசிய முஸ்லிம் குடும்பங்களின் கதை. அங்கே கல்வி புத்தகத்தில் இல்லை, பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும் பூவேலைப்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தையலையும் கை வலிக்க வலிக்க வரைந்திருக்கிறார். தானாகா யொஷிகியின் ‘அர்ஸ்லான்’ நாவல் வரிசையும் பிரபலம், ஆனால் அது பாரசீகச் சாயல் கொண்ட கற்பனை நாடு, இஸ்லாமியப் பண்பாட்டைத் தேடிப் போனால் ஏமாற்றமே.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

படம் உருண்டை முகங்களோடு பொம்மைக் கதை போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். படுகொலையும் பிரிவும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் சரி. தூஸ், காரகோரம், புகாரா மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறித்துவைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.

படிப்பு அவளைக் காப்பாற்றியதா?

மங்காவின் முடிவு ஓவியர் கையில். வரலாற்று ஃபாத்திமாவைக் காப்பாற்றவில்லை. 1246இல் குயுக் அரியணை ஏறினார். அவருடைய தம்பி கோத்தேன் நோயில் விழுந்து, ஃபாத்திமா வைத்த சூனியம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பினார், பிறகு இறந்தும் போனார் என்கிறார் ஜுவைனி. தொரகேனே தன் தோழியை விட்டுக்கொடுக்க மறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஃபாத்திமாவைப் பட்டினி போட்டு, அடித்து, ஒப்புக்கொள்ள வைத்தார்கள். கம்பளியில் சுருட்டி ஆற்றில் எறிந்தார்கள். தலைப்பிலுள்ள ‘ஜாதூகர்’ அந்த வழக்கு சுமத்திய பெயர்தான்.

இது தெரிந்த பிறகு முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன். சிதாரா எழுதப் படிக்கக் கற்கும் பக்கங்கள் அதில் கொஞ்சம்தான். அவற்றைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாலை ஆனது.